அந்தச் சின்னக் கோடும் பெயரில் சேர்த்திதான்

சில வருடங்களுக்கு முன் சிறுவர் இதழ் ஒன்றின் சூப்பர்ஹீரோ சிறப்பிதழுக்கு மெய்ப்புப் பார்த்தேன். ஸ்பைடர்-மேன் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக இருந்தார்: சேர்த்து, பிரித்து, நடுவில் கோடு போட்டு. மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். 'மேன்' வருகிற இடமெல்லாம் '-மேன்' என்று மாற்றும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சூப்பர்-மேன், பேட்-மேன், கேமரா-மேன். தலையங்கத்தில் '-மேன்மை' வேறு.

அதுகூடப் பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். மோசமானது வேறு. 'ஸ்பைடர்மேன்' கோடு வாங்கிக்கொண்டார். 'ஸ்பைடர்மேனுக்கு', 'ஸ்பைடர்மேனை', 'ஸ்பைடர்மேனின்' எல்லாம் பழையபடியே நின்றன. வேற்றுமை உருபு சேர்ந்ததும் னகரத்தின் புள்ளி போய்விடும் அல்லவா? கணினி தேடியது புள்ளி வைத்த 'ன்'னை மட்டும். அன்றிலிருந்து இந்தப் பெயர்களில் மொத்தமாக மாற்றுகிற வேலையே கிடையாது. 'ஸ்பைடர்' என்ற முன்பாதியைத் தேடி ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்ப்பேன். அரை மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

"படிக்கிறவர்களுக்குப் புரிந்தால் போதாதா?" என்று கேட்பார்கள். புரியும்தான். முருகேசன் என்பவரை முருகேஷ் என்று எழுதினாலும் யாரென்று புரியும். ஆனால் அது அவர் பெயர் இல்லையே. சூப்பர்மேன், பேட்மேன், அக்வாமேன் ஒரே சொல். அயர்ன் மேன், ஒண்டர் உமன் இரண்டு சொல். ஸ்பைடர்-மேன், ஆன்ட்-மேன் இருவருக்கும் நடுவில் கோடு. இதில் விதி எதுவும் தேடாதீர்கள், கிடைக்காது. ஒவ்வொன்றும் அதை உருவாக்கியவர்கள் வைத்த பெயர். ஸ்பைடர்-மேன் 1962 ஆகஸ்ட் தேதியிட்ட அமேஸிங் ஃபேன்டஸி 15ஆம் இதழில் வந்தபோது, சூப்பர்மேனோடு குழம்பக் கூடாது என்றுதான் கோடு போட்டதாக அவரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டான் லீ பிற்காலத்தில் சொன்னார். ஆங்கிலத்தில் இரண்டு பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே மாதிரி முடிகின்றன, அதனால் நியாயமான பயம்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் கதைக்குள்ளேயே சில இடங்களில் கோடு விட்டுப்போயிருக்கிறது! பேட்மேன் கதை இதற்குத் தலைகீழ். 1939இல் டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழின் உள்பக்கத் தலைப்பில் அவருக்குக் கோடு இருந்தது; சீக்கிரமே உதிர்ந்துவிட்டது.

கோடு அழகுக்கு இல்லை என்பதற்கு பேட்கேர்ளைவிட நல்ல சாட்சி கிடையாது. 1961இல் வந்த பெட்டி கேன், கோடு போட்ட பேட்-கேர்ள். 1967இல் வந்த பார்பரா கார்டன், கோடு இல்லாத பேட்கேர்ள். பேட்மேனின் அதே கோதம் நகரில் சுற்றும் இரண்டு வேறு பெண்கள். "இதழ் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும்" என்று நல்லெண்ணத்தோடு கோட்டை எடுக்கிற திருத்துநர் ஒரு பெண்ணையே காணாமல் அடித்துவிடுகிறார்.

தமிழில் எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் ஆங்கில எழுத்துக்கூட்டலில் உள்ள வேறுபாடு நம் எழுத்தில் கரைந்துவிடுகிறது. 1967இல் மார்வெல் நிறுவனம் கேப்டன் மார்வெல் என்று ஒரு வீரரைக் கொண்டுவந்தது. அவருடைய சொந்தப் பெயர் மார்-வெல். ஆங்கிலத்தில் நிறுவனத்தின் பெயரைவிட ஓர் எழுத்து கூடுதல், அதனால் கோடு போனாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். தமிழில் அந்தக் கோடு ஒன்றுதான் வேறுபாடு. கோட்டை எடுத்தால் "மார்வெல் இறந்துவிட்டார்" என்று நிறுவனத்துக்கு இரங்கல் எழுதியதுபோல் ஆகிவிடும்.

கொம்பு விஷயமும் உண்டு. எக்ஸ்-மென் என்பது குழு, ஒற்றைக்கொம்பு. எக்ஸ்-மேன் என்று இரட்டைக்கொம்பு போட்டால் அது நேட் கிரே என்ற தனி ஆள், 1995இல் அந்தப் பெயரில் தனித் தொடரே வந்தது. எழுத்துப்பிழை என்று நினைத்தது இன்னொருவரின் பெயராகிவிடும். அப்புறம் 'எக்ஸ்-மென்கள்'. மென் என்பதே பன்மை, அதற்கு மேல் ஒரு 'கள்' எதற்கு? 'எக்ஸ்-மென் குழுவினர்' என்று போட்டால் முடிந்தது.

சில இடங்களில் கோடும் கைகொடுக்காது. சூப்பர்மேனின் கிரிப்டன் கிரகத்துப் பெயர் கால்-எல். 1939இன் செய்தித்தாள் தொடரில் அதன் பின்பாதி வெறும் ஓர் ஆங்கில எழுத்தாக இருந்தது. அந்தப் பழைய எழுத்துக்கூட்டலைப் பின்னாளில் இரண்டாம் பூமி என்ற மாற்று உலகில் வாழும் மூத்த சூப்பர்மேனுக்குக் கொடுத்துவிட்டார்கள். தமிழில் எழுதினால் இரண்டுமே கால்-எல். நான் 'இரண்டாம் பூமியின் கால்-எல்' என்று நீட்டி எழுதிவிடுகிறேன். வேறு வழி தெரியவில்லை.

பக்கம் வடிவமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட்டின் இருபுறமும் இடம் விட்டால் மென்பொருள் அதை நீளக் கோடாக்கிவிடும். 'ஸ்பைடர் – மேன்' என்று பார்த்தால் சிலந்திக்கு யாரோ விளக்கம் சொல்லத் தொடங்கியதுபோல் இருக்கிறது. வரியின் ஓரத்தில் 'ஸ்பைடர்-' நின்று 'மேன்' கீழே விழுந்தால், அந்தக் கோடு பெயருடையதா, வரி உடைந்ததால் வந்ததா என்று அடுத்து தட்டச்சு செய்பவருக்குத் தெரியாது. வேர்டில் கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் அழுத்திக்கொண்டு கோட்டைத் தட்டினால் உடையாத கோடு விழும். பெயர் ஒரே வரியில் நிற்கும்.

நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இந்தத் தொல்லைக்கே இடம் வைக்கவில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது பிரிட்டிஷ் நாயகனுக்கு இரும்புக்கை மாயாவி என்று புதுப்பெயரே சூட்டிவிட்டார்கள். ஆனால் அதிலும் அந்த 'க்'கை விட்டுவிட்டு 'இரும்பு கை மாயாவி' என்று எழுதுகிறவர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். சரி, அது வேறு வயிற்றெரிச்சல்.

கடைசியாக ஷஸாம் என்ற சூப்பர்ஹீரோ. 1973இல் டிசி காமிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட இதழின் தலைப்பிலேயே ஆச்சரியக்குறி இருக்கிறது, 2019இல் வந்த படத்தின் தலைப்பிலும் இருக்கிறது. அதற்குப் பிறகு உருபை எப்படி ஒட்டுவது? 'ஷஸாம்!இல்' என்று ஒருமுறை போட்டுப் பார்த்தேன், என் கண்ணுக்கே பொறுக்கவில்லை. இப்போதெல்லாம் 'ஷஸாம்! படத்தில்', 'ஷஸாம்! இதழில்' என்று நடுவில் ஒரு சொல்லை வைத்துவிடுகிறேன்.