சீமாஸ் பேட்டரி: தமிழில் என்னவென்று சொல்வது?

பதினைந்து ஆண்டுகளைக் கடந்த மடிக்கணினி ஒன்றை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவர முயன்றேன். சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினேன், ரேமைக் கூட்டினேன், இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினேன். அன்று மாலை எல்லாம் அழகாக ஓடியது. மறுநாள் காலையில் ஓர் இணையதளம்கூடத் திறக்கவில்லை. ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற அறிவிப்பே எங்கும் வந்தது. வைஃபை அட்டையைச் சந்தேகித்தேன், புதிய எஸ்.எஸ்.டி.யைச் சந்தேகித்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் திரையின் மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. ஆண்டு 2007 என்று காட்டியது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாள் ஒன்று உண்டு. 2007-இல் நிற்கும் கணினியின் கணக்கில் அவை எல்லாம் இன்னும் நடப்புக்கே வராதவை. பழுதுபார்க்கும் கடையில் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்: “சீமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள்.”

கணினி அணைந்திருக்கும்போதும் அதன் கடிகாரத்தை ஓடவைக்கும், நாணயம் போன்ற சிறு வில்லை அது. மாற்றினேன், சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பெயர் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சிறு வில்லையில் சீமாஸ் எங்கே இருக்கிறது? பேட்டரிதான் எங்கே இருக்கிறது?

சீமாஸ் என்பது நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கூட்டு. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘நிரப்பு உலோக ஆக்சைடு குறைகடத்தி’ என்று வரும். இது ஒரு பொருளின் பெயரன்று, சில்லு செய்யும் முறையின் பெயர். மின்சாரத்தை விடவும் தடுக்கவும் செய்யும் நுண்சுவிட்சுகளான டிரான்சிஸ்டர்களில் இரண்டு வகையை ஜோடியாக வைப்பார்கள். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும், ஒன்றை மற்றொன்று நிரப்பும். அதனால்தான் ‘நிரப்பு’. நிலை மாறும் நொடியில் மட்டுமே மின்சாரம் குறிப்பிடத்தக்க அளவில் பாயும், மற்ற நேரத்தில் ஏறக்குறைய ஒன்றும் செலவாகாது. அமெரிக்காவின் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ஃபிராங்க் வான்லாஸ் 1963-இல் இதற்குக் காப்புரிமை கோரினார்.

கணினிக்குள் இந்தச் சொல் வீட்டுப் பெயராக மாறியது 1984-இல். அதற்கு முன், 1981-இல் வந்த ஐ.பி.எம். தனிநபர் கணினியில் அமைப்புகளை மதர்போர்டின் மேலுள்ள குட்டிச் சுவிட்சுகளைத் தள்ளித்தான் மாற்ற வேண்டும். அதற்குள் கடிகாரமும் கிடையாது. 1984-இன் ஐ.பி.எம். ஏ.டி. கணினியில் மோட்டோரோலாவின் கடிகாரச் சில்லு ஒன்று இடம்பெற்றது. அதில் மொத்தம் 64 பைட் நினைவகம் இருந்தது. 14 பைட் நேரத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் போக, மீதி 50 பைட்டில் கணினியின் அமைப்புகள் எழுதப்பட்டன. அந்தச் சில்லு சீமாஸ் முறையில் செய்யப்பட்டதால், கணினி அணைந்திருக்கும்போதும் ஒரு சிறு மின்கலத்தைக் கொண்டே அதை ஆண்டுக்கணக்கில் விழித்திருக்கச் செய்ய முடிந்தது. அந்த 64 பைட்டை எல்லோரும் ‘சீமாஸ்’ என்றார்கள், அதற்கு மின்சாரம் தருவது ‘சீமாஸ் பேட்டரி’ ஆயிற்று. இன்று கணினியில் உள்ள சில்லுகளில் பெரும்பாலானவை சீமாஸ் முறையில் செய்யப்பட்டவையே. ஆகவே பெயரின் முதற்பாதி எதையும் அடையாளம் காட்டுவதில்லை.

பிற்பாதியின் கதை இன்னும் சுவையானது. அடித்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்து, பீரங்கி வரிசையைக் குறித்த படைச்சொல் ‘பேட்டரி’. ஈயத் தகடு பொருத்திய கண்ணாடிப் பலகைகளை வரிசையாக இணைத்து மின்னேற்றிய பெஞ்சமின் பிராங்க்ளின் 1749-இல் அந்த வரிசைக்கு இச்சொல்லைச் சூட்டினார். ஆக, பேட்டரி என்றால் தொகுதி. ஒற்றை அலகு செல். தமிழில் இந்த வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது: செல் மின்கலம், பேட்டரி மின்கல அடுக்கு. பழைய மடிக்கணினியின் பெரிய பேட்டரியைப் பிரித்தால் பெரும்பாலும் ஆறு உருளைகள் இருக்கும். அது உண்மையான மின்கல அடுக்கு. தேதியைக் காக்கும் வில்லை ஒற்றை மின்கலம் மட்டுமே.

‘செல்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்குச் சிறு அறை என்று பொருள். தமிழ் அறையைத் தேடிப் போகவில்லை, பாத்திரத்தை எடுத்துக்கொண்டது. உண்கலம், மட்கலம் என்பவற்றில் உள்ள அதே கலம். அலெசாந்திரோ வோல்ட்டா 1800-இல் அறிவித்த கண்டுபிடிப்பின் ஒரு வடிவம், உப்புநீர் நிரப்பிய கிண்ணங்களை வட்டமாக அடுக்கியதுதான். அதை நினைத்தால் நம் சொல் பொருளுக்கு இன்னும் நெருக்கமாக நிற்கிறது. இலங்கைப் பாடநூல்களில் உயிரியல் செல்லுக்கும் கலம் என்ற சொல்லே வழங்குகிறது.

அப்படியானால் முழுப் பெயர் என்ன? ‘நிரப்பு உலோக ஆக்சைடு குறைகடத்தி மின்கலம்’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அது சொற்களை மொழிபெயர்க்கிறது, பொருளை விட்டுவிடுகிறது. நான் பரிந்துரைப்பது கடிகார மின்கலம். பிந்தைய கணினிகள் பலவற்றில் அமைப்புகள் மின்சாரமின்றியே நிலைக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அவற்றில் அந்த மின்கலத்துக்கு எஞ்சிய முதன்மை வேலை கடிகாரத்தை ஓட்டுவதே. வடமொழியில் ‘கடிகா’ என்றால் சிறு குடம். அடியில் துளையிட்ட பாத்திரம் நீரில் மிதந்து, நிரம்பி மூழ்கும் நேரத்தைக் கொண்டு நாழிகை அளந்ததிலிருந்து வந்தது கடிகை, அதன் உறவு கடிகாரம். ஒரு பாத்திரம் நேரத்தை அளக்கிறது, இன்னொரு பாத்திரம் அதற்கு ஆற்றல் தருகிறது. இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பெயர் சரியாக இல்லாவிட்டால் கையும் தவறுகிறது. ‘சீமாஸை அழித்தால் கடவுச்சொல் போய்விடும்’ என்று நம்பி மின்கலத்தைப் பிடுங்குகிறவர்கள் பலர். பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் அது பலிக்கும். திங்க்பேட் மடிக்கணினிகளில் மேற்பார்வையாளர் கடவுச்சொல் தனிச் சில்லில் இருப்பதால் மின்கலத்தை மாதக்கணக்கில் எடுத்து வைத்தாலும் அழியாது. பழைய திங்க்பேட்கள் சிலவற்றில் மின்கலம் தீர்ந்தால் 161 என்ற பிழை எண்ணும், தேதி இழந்தால் 163-உம் தோன்றும். வேறு சில கணினிகள் எதுவும் சொல்லாமல் 1980 ஜனவரி 1-க்கோ, கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் எழுதப்பட்ட ஆண்டுக்கோ போய்விடும்.

வாங்கும்போது மின்கலத்தின் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள், அது தெளிவாகப் பேசும். சி.ஆர்.2032 என்பதில் ‘சி’ லித்தியம்–மாங்கனீசு டை ஆக்சைடு வகையையும் ‘ஆர்’ வட்ட வடிவையும் குறிக்கின்றன. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2016 என்றால் அதே விட்டம், பாதித் தடிமன். 2025 என்ற வகையையும் சேர்த்து, மூன்றுக்கும் மின்னழுத்தம் 3 வோல்ட்தானே என்று நினைத்து எதையாவது செருகினால் பிடிப்பில் சரியாக உட்காராது. எம்.எல். என்று தொடங்கினால் அது மின்னேற்றம் பெறும் வகை. அந்த இடத்தில் சி.ஆர். வகையை வைக்கக் கூடாது. மின்னேற்றக் கூடாத லித்தியத்தை மின்னேற்றினால் வெடிக்கும் ஆபத்து உண்டு. மடிக்கணினிகள் பலவற்றில் மின்கலம் இரு கம்பிகளுடன் நெகிழி உறைக்குள் சுற்றப்பட்டு, சிறு இணைப்பியோடு வரும். கம்பியை நீங்களே சூடுவைத்துப் பற்றவைக்காதீர்கள், இணைப்பியோடு சேர்த்தே வாங்குங்கள். 1990-களின் இயந்திரமானால் இன்னும் அவசரம்: அவற்றில் சிலவற்றில் நிக்கல் வகை மின்கலங்கள் கசிந்து மதர்போர்டையே அரித்திருக்கும். முதலில் அதை எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. கழற்றியதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும்.

என் மடிக்கணினியின் அடிமூடிக்கு உட்புறம் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறேன். ‘கடிகார மின்கலம், சி.ஆர்.2032, கம்பியுடன்’ என்றும் அதன் கீழே மாற்றிய தேதியும் எழுதியிருக்கிறது. அடுத்து அதைத் திறப்பவருக்கு அது போதும்.