விரிசலை நுனியிலேயே நெரிக்கும் பீங்கான்

கோப்பிக்கடையில் கை தவறினால் பீங்கான் கோப்பை சிதறிவிடும். கரண்டி சத்தம் போடுவதோடு சரி. எஃகில் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, விரிசலின் நுனியை மழுக்கிவிடுகின்றன. பீங்கானின் இறுகிய பிணைப்புகள் அந்த வழுக்கலுக்கு இடம் கொடுப்பதில்லை. அதனால் விசையெல்லாம் கூரிய நுனியிலேயே குவிகிறது. அலுமினிய ஆக்சைடால் ஆன அலுமினா பீங்கானின் முறிவு எதிர்ப்பு, அதாவது விரிசல் பரவாமல் தாங்கும் திறன், சுமார் 4 மெகாபாஸ்கல்·√மீட்டர். மேற்பரப்பில் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) ஆழத்துக்கு நீண்ட கீறல் ஒன்று இருந்தால் போதும், இழுவிசை 300 மெகாபாஸ்கலை எட்டும் முன்பே அது பிளந்துவிடும்.

கீறலே இல்லாத பீங்கானைச் செய்ய முடியாது. விரிசல் வந்த பிறகு அதை மடக்குவதுதான் வழி. 1975இல் ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹன்னிங்க், பாஸ்கோ மூவரும் சிர்கோனியா என்ற சிர்கோனிய ஆக்சைடு பீங்கானில் அதைக் காட்டினார்கள்.

சுமார் 1170 பாகை செல்சியஸுக்கு மேல் சிர்கோனியாவின் படிகம் நாற்கோண அமைப்பில் இருக்கும். ஆறும்போது சரிந்த அமைப்புக்கு மாறி, பருமன் 4 முதல் 5 விழுக்காடு கூடும். கலப்பில்லாத சிர்கோனியா சூளையிலிருந்து ஆறும்போதே நொறுங்குவது இதனால்தான். 3 மோல் விழுக்காடு இட்ரியா (இட்ரிய ஆக்சைடு) சேர்த்து, பீங்கானுக்குள் இருக்கும் நுண்படிக மணிகளை அரை மைக்ரானுக்குள் அடக்கினால், அறை வெப்பத்திலும் நாற்கோண அமைப்பு நீடிக்கும். விரிசல் நெருங்கியதும் அதன் நுனியில் உள்ள இழுவிசை மணிகளை உருமாற்றுகிறது. அவை உப்பி, விரிசலை இருபுறமும் நெரிக்கின்றன.

பல் உறை செய்பவர்களுக்கு இது தினப்பாடு. அரைவேக்காட்டுக் கட்டியை 20 முதல் 25 விழுக்காடு பெரிதாகக் கடைந்து, 1500 பாகையை ஒட்டிச் சுடுவார்கள். சுருங்கி அளவுக்கு வந்துவிடும். சூடு மிஞ்சினால் மணிகள் பெருத்துத் தாமாகவே உருமாறும், விரிசலை நெரிக்கும் பொறி வீணாகும். தண்ணீர் விடாமல் உராய்ந்து தேய்த்தாலும் மேற்பரப்பு கெடும். ஈரமும் பகைதான், அதுவும் 250 பாகை வாக்கில் மிக மோசம். அதனால்தான் மருத்துவத் தர சிர்கோனியாவை 134 பாகை நீராவியில் 5 மணி நேரம் வைத்துச் சோதிக்கிறார்கள்.

நெரிப்பதோடு நிற்காமல், பீங்கானை வளைக்கவே முடியுமா? நம் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் எம்ஐடியும் 2013இல் வளைத்துக் காட்டின. மைக்ரான் அளவுத் தூண்கள் 7 விழுக்காடு வரை உருக்குலைந்து மீண்டன, அதுவும் பலமுறை. தூணின் குறுக்கே மூங்கில் கணுபோல ஒரே மணி நின்றதுதான் சூட்சுமம்: அண்டை மணிகள் முட்டிக்கொள்ளவில்லை, உப்பலுக்குத் திறந்த பக்கங்கள் இருந்தன. பெரிய கட்டியில் மணிகள் நாலாபுறமும் நெருக்குவதால் சில முறை வளைத்ததுமே மணிகளுக்கு இடையிலான எல்லைகள் பிளக்கும். ஆகவே அடுத்த கட்டத்தில் கட்டியை விட்டுவிட்டுத் துகள்களாகவே அடைத்து, அதிர்ச்சி விசையை உறிஞ்சவைக்க முயன்றார்கள்.