சீமாறு வேற, தொடப்பம் வேறயா? ரெண்டாவது பேர கொழந்த ஏன் லேசுல நம்பறதில்ல

மூணு வயசுக் கொழந்த முன்னாடி ஒரு தொடப்பத்தையும், பரண்ல கெடந்த, தானியம் அளக்கற பழைய வள்ளத்தையும் வெச்சுட்டு "சீமாத்த எடுத்துக் குடு சாமி"ன்னு கேட்டுப் பாருங்க. சீமாறுங்கறதும் தொடப்பந்தான், ஆனா அந்தச் சொல்ல அது காதுல கேட்டதே இல்லீன்னா, பெரும்பாலும் வள்ளத்தத்தான் தூக்கிட்டு வரும். கொழந்தைக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனச்சுக்காதீங்க, அது கணக்குப் போட்டுத்தான் எடுத்துட்டு வருது, இதுக்குத்தான் தொடப்பம்னு பேரு இருக்குதே, அப்ப புதுப் பேரு அந்தப் பேர் தெரியாத சாமானுக்காத்தான் இருக்கோணும்னு.

எல்லன் மார்க்மன்ங்கற மனவியல் ஆய்வாளரும் கூட வேல செஞ்சவங்களும் இதைய 1988ல சோதன பண்ணிக் காட்டுனாங்க. ஒரு பொருளுக்கு ஒரு பேருதாங்கறது சின்னப் புள்ளைங்களோட கணிப்பு. தெரிஞ்ச சாமான் ஒண்ணே ஒண்ண மட்டும் கைல குடுத்துப் புதுப் பேரு சொன்னா, அது அந்தச் சாமானோட ஏதோ ஒரு பாகத்துக்குப் பேருன்னோ, அது எதுல செஞ்சதோ அதோட பேருன்னோ எடுத்துக்கும். அதாவது தொடப்பத்தக் காட்டி "இது சீமாறு"ன்னு மொட்டையா சொன்னா, அந்த ஈக்குக்கோ கட்டியிருக்கற கவுத்துக்கோதான் அந்தப் பேருன்னு நெனச்சுக்க வாய்ப்பு இருக்குது.

கொழந்தைங்க வெசையா சொல்லுப் புடிக்கறதுக்கு இந்தக் கணிப்பு ஒதவுது, ஆனா ஒரே பொருளுக்கு வேற பேரு கத்துக் குடுக்கறப்ப அதுவே குறுக்க நிக்குது. அதையத் தாண்டறதுக்கு ஒரு வழி, யாரு அப்பிடிச் சொல்றாங்கன்னு சேத்துச் சொல்றது. இது ஒரு பாஷையில இந்தப் பேரு, இன்னொரு பாஷையில அந்தப் பேருன்னு சொன்னா புள்ளைங்க ரெண்டையும் ஏத்துக்கும்னு 1990ல வந்த ஒரு ஆய்வுல பாத்தாங்க. 2009ல இன்னொரு ஆய்வு, ஒன்ற வயசுக் கொழந்தைங்கள வெச்சுப் பண்ணுனது: ஒரே பாஷை கேட்டு வளர்ற கொழந்தைங்ககிட்ட இந்த "ஒண்ணுக்கு ஒரு பேரு" கணிப்பு நல்லாவே இருந்துச்சு, ரெண்டு பாஷை கேக்கறதுகிட்ட கொறஞ்சுபோச்சு, மூணு பாஷை கேக்கறதுகிட்ட காணவே இல்ல. வீட்டுல தெலுங்கோ கன்னடமோ, வெளிய தமிழோன்னு இருக்கற குடும்பங்க கோயமுத்தூர், ஈரோடு பக்கம் நெறைய இருக்குதுங்களே, அங்க இது தெனமும் நடக்கற சங்கதி.

தமிழ் மட்டும் பேசற வீட்டுலயும் நம்மூருல ரெண்டு பேருக்குப் பஞ்சமே இல்ல. ஸ்கூல்ல தட்டு, அம்மிச்சி (அம்மாவோட அம்மா) வீட்டுல வட்டல். டிவியில சாவி, அப்பாரு (தாத்தா) வாயில தொறப்பு. சொந்தக்காரங்க வந்தா ஒறம்பரை. "அம்மிச்சி சீமாறும்பாங்க, நாம தொடப்பம்போம், ரெண்டும் இதுதான்"னு சாமானக் கைல வெச்சுட்டே சொன்னீங்கன்னா அந்தக் கொழந்தைக்கு வேல பாதி முடிஞ்சுது. ஆனா இப்ப பல வீட்டுல என்ன பண்றாங்கன்னா, அது வட்டல்னு சொன்னா பட்டிக்காட்டுப் பேச்சுன்னு அதட்டி, அதே மாசம் காசு குடுத்து "ஒரு பொருள் தரும் பல சொற்கள்"னு போட்ட சார்ட்ட வாங்கிட்டு வந்து செவுத்துல ஒட்டறாங்க, எனக்கு இது சுத்தமா புரியறதில்ல.

சார்ட்டு ஏன் எடுபடறதில்லங்கறதுக்கும் காரணம் இருக்குது. மாடுன்னு சொன்னதும் என்ன ஞாபகம் வருதுன்னு நாலு வயசுகிட்ட கேட்டா பாலுங்கும், ம்மாங்கும், அதாவது கூடவே நடக்கறதச் சொல்லும். ஏழெட்டு வயசுலதான் எருமை, ஆடுன்னு அதே எனத்துச் சொல்லு மொதல்ல வர ஆரம்பிக்குது, இந்த மாத்தம் பொதுவா அஞ்சுலருந்து எட்டு வயசுக்குள்ள நடக்கறதா சொல்றாங்க. எல்கேஜி புள்ளைக்குச் சொல்லுங்க மனசுல சம்பவத்தோட ஒட்டிக் கெடக்கறப்ப, ரெண்டு வரிசையாப் போட்ட பட்டியல் எதுல போயி ஒட்டும்? அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்துல நிகண்டுங்கற பழைய சொல்லகராதிய மனப்பாடம் பண்ணுனாங்களேன்னு கேப்பீங்க, அது பாட்டா இருந்துச்சு, நாக்குல நின்னுச்சு, அர்த்தம் பல பேருக்குப் பொறவுதான் வந்திருக்கும்.

இன்னொண்ணு, டக்குனு புடிக்கறது வேற, நெலச்சு நிக்கறது வேற. ரெண்டு வயசுப் புள்ளைங்க புதுப் பேரு சொன்னதும் சரியான சாமான எடுத்துச்சு, அஞ்சே நிமிசம் கழிச்சுக் கேட்டா பெரும்பாலும் மறந்துபோச்சு, 2008ல வந்த ஆய்வு இது. அதனால ஒரே நாள்ல பத்துச் சொல்லு சொல்றதுக்குப் பதிலா ஒரே சொல்ல வாசக் கூட்டறப்ப ஒருக்கா, கட்டுத்தரையில ஒருக்கா, நாலு நாள் கழிச்சுச் சந்தையில விக்கறதப் பாத்து ஒருக்கான்னு சொன்னாத்தான் நிக்கும்.

கொஞ்சம் வளந்த புள்ளைகளுக்கு, ரெண்டு சொல்லும் எங்க ஒத்துப்போகுதுங்கறதவிட எங்க பிரியுதுங்கறது நல்லா ஏறும். எந்த ரெண்டு சொல்லுக்கும் அர்த்தத்துல எங்கியாச்சும் ஒரு வித்தியாசம் இருக்கும்னு கொழந்தைங்க எதிர்பாக்குதுங்கன்னு ஈவ் கிளார்க்குன்னு ஒரு மொழியியலாளர் 1987லயே எழுதுனாங்க. பாக்கறதையே எடுத்துக்கோங்க.

"கண்ணு, என்னைய மொறச்சுப் பாரு."

புருவத்தச் சுருக்கும்.

"இப்ப எட்டிப் பாரு."

கதவுக்குப் பின்னாடி ஓடிப்போயி தலைய மட்டும் நீட்டும்.

"வெறிச்சுப் பாரு."

இங்கதான் நின்னு யோசிக்கும். "அப்பிடின்னா ஏம்மா?"

"அப்பாரு மத்தியானம் திண்ணையில உக்காந்து சும்மா எங்கியோ பாப்பாருல்ல, அது."

உடனே வாயப் பொளந்துட்டு செவுத்தப் பாக்கும். உடம்பால செஞ்சு பாத்த வித்தியாசம் பட்டியல்ல படிச்சதவிட நல்லா நிக்கும்.

எளசுகளோட பேரும் இப்பிடித்தான். தொல்காப்பியம் மரபியல்ல பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவின்னு 9 சொல்லு வருது, எல்லாம் எளமையக் குறிக்கறதுதான், ஆனா எது எதுக்குன்னு மரபு இருக்குது. பட்டிக்குள்ள கூட்டிட்டுப் போனா ஆட்டுக்குட்டி, எருமக்கன்னு, கோழிக்குஞ்சு, வரப்புல நட்டு வெச்ச தென்னம்பிள்ளைன்னு ஒரே சுத்துல நாலு வந்துரும். நடுவுல கொழந்த "கோழிக்கன்னு"ன்னு சொன்னா சிரிச்சு வெக்கப்படுத்தாதீங்க, சொல்ல நீட்டிப் போட்டுப் பாக்குது, அவ்வளவுதான். "கோழிக்குஞ்சா, எங்க ஓடுது?"ன்னு சரியான சொல்லப் போட்டுத் திருப்பிக் கேட்டாப் போதும்.