டயாலிசிஸ் கட்டிலில் கிடைத்த ஊழியம்

"கிட்னி கிடைச்சு நான் எந்திரிச்சிட்டா மறுபடியும் ஊழியத்துக்கு வந்திருவேன்னு ஆண்டவர்கிட்ட பொருத்தனை பண்ணியிருக்கேன் சிஸ்டர்."

வள்ளியூர்ப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் என்னிடம் இதைச் சொல்லி 4 வருஷம் ஆகிறது. ஊர்ச் சபையில் எல்லாருக்கும் பொங்கிப் போடுகிற அசன விருந்து என்றால் முந்தின நாள் ராத்திரியே அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள், பாடகர் குழுவிலும் இருந்தவர். இப்போது வாரம் 3 நாள் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்து, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் மிஷினோடு படுத்திருக்கிறார். நல்லாகிற வரைக்கும் ஆண்டவருக்குத் தன்னால் ஒன்றும் ஆகாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். 12 வருஷமாக டயாலிசிஸ் பிரிவில் செவிலியராக இருக்கிறேன், நான் பார்த்தது வேறு.

களக்காட்டிலிருந்து ஒரு பையன் வந்தான், 24 வயசு இருக்கும். கழுத்தில் போட்ட குழாய் வழியாகத்தான் அவனுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயை ரொம்ப நாள் வைத்திருந்தால் கிருமி ரத்தத்தில் இறங்கிவிடும், கையில் ஆபரேஷன் பண்ணி ஃபிஸ்டுலா வைத்துக்கொள் என்று டாக்டரும் சொன்னார், நானும் சொன்னேன், அவன் அம்மா அழுதும் பார்த்தார். கையில் கத்தி வைத்தால் ஆயுசுக்கும் டயாலிசிஸ்தான் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அசையவே இல்லை. எடை பார்க்கிற இடத்தில் அவனுக்குப் பின்னால் நின்ற அண்ணாச்சி ஒருநாள் தன் கையை நீட்டினார். "இதுல விரலை வையி தம்பி. கிரைண்டர்ல கை வச்சா அதிருமே, அந்த மாதிரி இருக்கா? தினமும் காலைல இதைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் நான் ஜெபம் பண்ணவே உக்காருவேன்." அடுத்த வாரம் பையன் ஆபரேஷனுக்குச் சரி என்றான்.

அந்த அதிர்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கையில் ஓடும் தமனியையும் சிரையையும் இணைப்பதுதான் ஃபிஸ்டுலா. ஊசி போடுகிற அளவுக்கு அது தேற 6 வாரமாவது ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாக. அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடக்கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது, இறுக்கமான வளையலும் வாட்சும் வேண்டாம், அதன்மேல் படுத்துத் தூங்கவும் கூடாது. அதிர்வு நின்றுபோனால் அடுத்த டயாலிசிஸ் வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே ஓடி வரவேண்டும். இதையெல்லாம் நானும்தான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஊசி குத்துகிறவள் சொல்வதும் குத்து வாங்குகிறவர் சொல்வதும் ஒன்றாகுமா?

வேதாகமத்தில் வரும் யோசேப்பு சிறையில் செய்த ஊழியத்தை நினைத்துக்கொள்வேன். காலையில் சக கைதிகள் 2 பேருடைய முகம் வாடியிருந்ததைக் கவனித்து, ஏன் என்று கேட்டார், அவ்வளவுதான். அவர்கள் கண்ட சொப்பனத்துக்கு அர்த்தம் சொன்ன பிறகும் அவருக்குக் கதவு திறக்கவில்லை, அந்த 2 பேரில் விடுதலையாகிப் போன பானபாத்திரக்காரன் அவரை மறந்தே போனான், இன்னும் 2 வருஷம் உள்ளேயே இருந்தார். நம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் அப்படித்தான். கிராமம் கிராமமாகப் போய்ச் சுவிசேஷம் சொல்ல வந்தவர், 1901-ல் கோயிலிலிருந்து தப்பி ஓடிவந்த 7 வயதுப் பிள்ளை ஒன்று அவரிடம் அடைக்கலம் புகுந்தபிறகு பிள்ளைகளை வளர்ப்பதே வேலையாகிப்போனது. 1931-ல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையை விட்டு வெளியே வரவில்லை. அந்த 20 வருஷமும் படுக்கையிலிருந்தபடியே எழுதிக்கொண்டிருந்தார்.

படுத்திருக்கிறவர்கள் மட்டும் இல்லை, வராந்தாவில் 4 மணி நேரம் உட்கார்ந்திருக்கிற குடும்பத்தாரும் காத்திருக்கிறவர்கள்தான். முக்கூடல் பக்கமிருந்து வரும் ஒரு அக்கா, கணவரை உள்ளே விட்டுவிட்டு வெளியே இருப்பார். அவர் தெருவில் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். குனிந்தே உட்கார்ந்து இடுப்பு வலி, வலிக்கு மெடிக்கலில் மாத்திரை, சீட்டும் இல்லை கணக்கும் இல்லை. வலி மாத்திரையை நாள்கணக்கில் விழுங்கினால் கிட்னி கெடும் என்று எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு வீட்டுத் திண்ணையாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். சுகரும் பிரஷரும் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் யூரின் ஆல்புமினும் கிரியேட்டினினும் பார்க்க வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கவேண்டிய டெஸ்ட் இவை, ஏனென்றால் கிட்னி பாதிக்குமேல் கெட்டபிறகும் வெளியே ஒன்றும் தெரியாது.

சரி, இதை எழுதும்போது எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய் வந்து, சுகமாகிவிட்டது என்று டயாலிசிஸை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, ராத்திரியில் ஆம்புலன்சில் வந்தார்கள். சிலரைக் காப்பாற்ற முடியவில்லை. ஜெபம் பண்ணுங்கள், நானும் உங்களுக்காகப் பண்ணுகிறேன், டயாலிசிஸ் நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதநீர் சீசனில் அரைச் செம்புதானே என்று குடித்துவிட்டு வராதீர்கள். பதநீர், இளநீர், வாழைப்பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு, அது ரத்தத்தில் ஏறினால் எந்த அறிகுறியும் காட்டாமலே இதயம் நின்றுபோகலாம். மாற்றுக் கிட்னிக்குப் பெயர் பதிந்திருந்தால் போன் எப்போதும் ஆனில் இருக்கட்டும், கூப்பிட்டால் சில மணி நேரத்தில் போய்ச் சேரவேண்டியிருக்கும்.

அண்ணாச்சிக்கு இன்னும் அந்தப் போன் வரவில்லை. போன வியாழக்கிழமை என்னிடம் வந்து, காலை ஷிஃப்டிலிருந்து மத்தியானத்துக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். மத்தியானம் வந்தால் வீடு போய்ச் சேர ராத்திரி ஆகிவிடுமே அண்ணாச்சி என்றேன். மானூர்ப் பக்கமிருந்து ஒரு பாட்டி புதிதாக வர ஆரம்பித்திருக்கிறார், துணைக்கு ஆள் கிடையாது, ஊசியைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. "அந்த அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில் காலியா இருக்கா சிஸ்டர்?" என்றார்.