பக்கவாதத்துக்குப் பிறகு: கோயில் மண்டபத்தில் குழுப் பயிற்சி

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவருக்கு ஆரம்பத்தில் பிசியோதெரபி அடிக்கடி கிடைக்கும். சில மாதங்களில் தவணை தள்ளித் தள்ளிப் போகும். ஆனால் மூளை கற்றுக்கொள்வதை நிறுத்துவதில்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப, நூற்றுக்கணக்கான தடவை செய்தால்தான் கை கால் பழகும். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் இருப்பவர்கள் அதற்காக ஒவ்வொரு முறையும் ஈப்போ வரை போய்வர முடியாது. கோயில் மண்டபமோ பாலாய் ராயாவோ (ஊர்ப் பொது மண்டபம்) கிடைத்தால், வாரத்தில் இரண்டு காலை, வெயில் ஏறுமுன் குழுவாகக் கூடலாம்.

பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். இருவருக்கு ஒரு துணையாள். பிடிக்காமல் நிற்க முடியாதவருக்குத் தனி ஆள். டாக்டர் அல்லது பிசியோவின் சம்மதம் கேட்ட பிறகே ஒருவரைச் சேர்க்க வேண்டும்.

வந்தவுடன் 5 நிமிடம் உட்காரவைத்து பிரஷர் பாருங்கள். மேல் எண் 180-ஐ அல்லது கீழ் எண் 110-ஐத் தாண்டினால் அன்று பயிற்சி கிடையாது. ஓய்வுக்குப் பிறகும் குறையாவிட்டால் கிளினிக்குக்கு அனுப்புங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவரிடம், ‘பசியாறிட்டீங்களா?’ என்று கேட்காமல் தொடங்கக் கூடாது.

மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி வழவழப்பான தரையில் நகரும். கைப்பிடி உள்ளதாகப் பார்த்து, முதுகுப்பக்கம் சுவரில் ஒட்டிப் போடுங்கள். முதல் பயிற்சி உட்கார்ந்து எழுவது. பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து எழ வேண்டும். பெரும்பாலோர் எடை முழுவதையும் நல்ல காலிலேயே போட்டு எழுந்துவிடுவார்கள். பார்ப்பவருக்கு நன்றாக எழுவதுபோலத்தான் தெரியும். ஒரே உயரமுள்ள இரண்டு எடைக்கருவிகளைத் தரையில் வைத்து, ஆளுக்கொரு துணை பக்கத்தில் நிற்க, காலுக்கு ஒன்றாக மிதிக்கச் சொல்லுங்கள். ஒன்றில் 45, மற்றதில் 15 என்று முள் காட்டும்போது அவருக்கே புரிந்துவிடும். அடுத்தவர் எண்ணையும் பார்த்துக்கொண்டே செய்வதால் ஐந்தோடு நிறுத்த நினைத்தவர் பத்துவரை போவார். குழுவின் பலனே இதுதான்.

துணையாள் பலவீனமான பக்கம், சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும், தளர்ந்த கையைப் பிடித்து இழுப்பதும் தோள்மூட்டைக் கழற்றிவிடும். அந்த வலி வந்தவர் மாதக்கணக்கில் கையை அசைக்கவே விடமாட்டார். இடுப்பு பெல்ட்டைப் பிடித்துத் தாங்குங்கள்.

கைக்கு ரப்பர் பந்து வாங்கிக் கொடுப்பதுதான் வழக்கம். இறுகி மடங்கிய விரலுக்கு மேலும் இறுக்கப் பழக்குவது உதவாது, விரிப்பதுதான் வேண்டும். துணிக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டிக் கழற்றுவது, கைலியை மடிப்பது, பல்லாங்குழி ஆடுவது எல்லாம் நல்ல பயிற்சி. பல்லாங்குழியில் நல்ல கை தானாக முந்தும். அதை மடியில் வைக்கச் சொல்லி, பலவீனமான கையால் ஒவ்வொரு காயாக எடுத்துப் போடவிடுங்கள். பெரிய புளியங்கொட்டையில் தொடங்கி, பழகியபின் குன்றிமணி அளவுக்கு வரலாம். இடப்பக்கத்தையே கவனிக்காதவருக்குக் காயை இடப்பக்கம் தள்ளி வையுங்கள்.

பேச்சு வராதவரின் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். கேள்வியைச் சுருக்கமாக, ஒன்றொன்றாகக் கேட்டுப் பத்து விநாடி பொறுங்கள். பேச வராத சிலர் பழகிய தேவாரத்தைச் சேர்ந்து பாடுவார்கள். பாடுவதாலேயே பேச்சு வந்துவிடாது; ஆனாலும் கூட்டத்தில் அவர் குரல் கேட்பது பெரிய விஷயம். தேநீர் நேரத்தில் குடிக்கும்போது இருமுபவரைக் குறித்துக்கொள்ளுங்கள். விழுங்குவதில் கோளாறு இருக்கலாம், சோதிக்க வேண்டும்.

பயிற்சிக்கு நடுவே வாய் கோணினாலோ, கை புதிதாகத் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 999-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுதிக் கொடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

இரண்டு முறை தொடர்ந்து வராதவர் வீட்டுக்கு யாராவது போய்ப் பாருங்கள். சோம்பல் என்று முடிவு கட்டாதீர்கள். வேன் இல்லாமல் இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும். மருந்துப் பையையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கை அசையத் தொடங்கியதும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள் பலர்.