தீவிலிருந்து திரும்பி வரவேண்டிய போத்தல்

மட்டக்களப்பு வாவிக்குள் கண்டல் சூழ்ந்த சின்னத் தீவுத்திட்டு ஒன்றை வரையப் பிள்ளைகளைத் தோணியில் கூட்டிப் போவதுண்டு. நம்மட பட்டினமே புளியந்தீவுதான். ஆனாலும் ஆளரவமில்லாத தீவில் குந்தியிருந்து வரையும்போது பார்வை மாறிவிடுகிறது.

அங்கே முதலில் பிழையாகிப் போவது பச்சை. டியூபில் இருந்ததை அப்படியே பூசினால் கண்டல் பிளாஸ்டிக் செடிபோல நிற்கும். அல்ட்ராமரைன் நீலத்தில் பேர்ன்ட் சியெனா என்ற செம்பழுப்பைக் கலந்து, பிறகு கொஞ்சம் மஞ்சள் விட வேண்டும். அந்த மங்கல் பச்சை அப்போதுதான் வரும். வேர்களுக்கிடையிலான இருட்டுக்கு அதே கலவை, மஞ்சள் இல்லாமல். கறுப்பு டியூபை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தூரிகையை மறுபடி தோய்ப்பதற்குள் முதல் பூச்சு காய்ந்துவிடும். அதனால் வானத்தை விடியற்காலையிலேயே முடித்துவிடுவேன்.

தண்ணீரும் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். வாவித் தண்ணீர் உவர். அந்த உப்பு தாளில் தங்கி ஈரத்தை இழுக்கும்; மாரி வந்ததும் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு நாள் படம் முடிந்த கையோடு கலர்த் தண்ணியைக் கவிழ்க்கப் போனேன். தோணிக்காரர் தடுத்தார்.

"என்ன மகன், இதையா வாவிக்குள்ள ஊத்தப் போறீங்க? நம்மட வலை இதுக்குள்ளதானே கிடக்கு."

அன்று கரைத்தது காட்மியம் மஞ்சள். எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

ஒரு கப் தண்ணீரால் வாவி செத்துவிடாதுதான். ஆனால் காட்மியம் உலோகம், உக்கிப் போகாது. சேற்றில் படிந்து சிப்பி, நண்டின் உடலில் சேரும். நாங்கள் வரையப் போவதோ கோடையில். முகத்துவாரத்தில் மணல் மூடியிருந்தால் வாவிக்குள் விழுந்தது கடலுக்குப் போக வழியில்லை. அக்ரிலிக்கில் வேறு சிக்கல்: கழுவும்போது போவது பிளாஸ்டிக்.

இப்போது மூடியுள்ள போத்தலில் அழுக்குத் தண்ணீர் எங்களோடு திரும்பி வருகிறது. வீட்டில் அகலப் பாத்திரத்தில் ஊற்றி, பிள்ளைகள் கை வைக்காத இடத்தில் வெயிலில் வைத்தால் தண்ணீர் ஆவியாகி வண்டல் மட்டும் மிஞ்சும். அதைப் பழைய பேப்பரில் துடைத்துச் சுற்றிக் குப்பைக்குக் கொடுங்கள். வளவில் போட்டுக் கொளுத்தும் பழக்கம் நமக்கு உண்டே, அது கூடவே கூடாது. காட்மியப் புகை நுரையீரலுக்கு நஞ்சு.

டியூபின் பின்பக்கத்தில் நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். பிவை 35 (PY 35), பிஆர் 108 (PR 108) என்றிருந்தால் காட்மியம். பெயரோடு 'ஹியூ' (Hue) என்றிருந்தால் பெரும்பாலும் மாற்று நிறமி. மாணவருக்கு அதுவே போதும். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பிள்ளையைக் கண்டால் அன்று முழுக்க நான் பேசிக்கொண்டேயிருப்பேன்.

எண்ணெய் வர்ணக்காரருக்கு இன்னொன்று. லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணி காற்றுப்பட்டு உலரும்போது தானாகவே சூடேறும். சுருட்டி வைத்தால் நெருப்பில்லாமலே பற்றும். ஒருமுறை தோணிப் பலகைக்கு அடியில் திணித்திருந்த துணியை எடுத்தபோது கை சுட்டது. அதிலிருந்து, அந்தத் துணிகளைப் போட்டு வைக்கத் தண்ணீர் நிரப்பி மூடிய பால்மா டின் ஒன்று போத்தலோடு பெட்டியில் வருகிறது.