சீப்புச் சீடையை ஒரு பக்கமாக மென்ற கதை

காரைக்குடியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். வளவில் உட்கார்ந்து சீப்புச் சீடை மென்றுகொண்டிருந்தேன். “என்ன தம்பி, ஒரு பக்கமாவே மெல்லுற?” என்றார் ஆச்சி. அதுவரை எனக்கே தெரியாது. 10 நாள் முன்புதான் வலது கடைவாய்ப்பல்லை அடைத்திருந்தேன். அடைத்தவர் உயரத்தைச் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டார்.

பல் ஒன்றும் எலும்பில் அடித்த ஆணி இல்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் உண்டு. அதிலுள்ள நரம்பு முனைகள் பொல்லாதவை. சோற்றில் கிடக்கும் ஒற்றைத் தலைமுடியைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். மெல்லும் தாளத்தைப் போடுவது மூளைத்தண்டு, நொடிக்கு ஏறக்குறைய ஒரு தடவை. எவ்வளவு அழுத்துவது, எந்தப் பக்கம் அரைப்பது என்பதெல்லாம் பல்லும் தசையும் அனுப்பும் சேதியைப் பார்த்து அவ்வப்போது மாறும். அடைத்த பல் துளி உயர்ந்திருந்தால் மற்றவற்றுக்கு முன்பே அதுதான் இடிக்கும். தாடை நம்மைக் கேட்காமலே ஒதுங்கிக்கொள்ளும். பல்வரிசை சரியாகப் பொருந்தாதவர்களும் இப்படித்தான்: கூடுதல் நேரம் மெல்வார்கள், இல்லையென்றால் அரைகுறையாக விழுங்குவார்கள்.

மனசும் இதே தசையில்தான் கை வைக்கிறது. சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்பல்லும் தொடக்கூடாது. 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். பெண்ணின் அப்பாவைக் கவனித்தேன். சாமான் கணக்கு நோட்டோடு நின்றவருக்குக் காதுக்குக் கீழே தாடைத்தசை புடைத்துப் புடைத்து அடங்கியது. பதற்றத்தில் எச்சிலும் குறையும். சீடை மாவாக அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, அவர் தட்டில் வெள்ளைப் பணியாரம் மட்டும்தான் காலியானது.

கோணல் பல்தான் தூக்கத்தில் பல்லை நறநறக்க வைக்கிறது என்று முன்பு நம்பினார்கள். இப்போது மூளையின் பங்கே பெரிது என்கிறார்கள். எலிச் சோதனைகள் இன்னும் சுவாரசியம். கடைவாய்ப்பல்லின் உயரத்தைக் கூட்டினால் மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. அசையவிடாமல் அடைத்துவைத்த எலிக்குக் கடிக்க ஒரு மரக்குச்சி கொடுத்தால் அந்த ஏற்றம் குறைகிறது. அப்போ கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் தேன்குழல் வைப்பது நல்ல வழக்கம்தான் போல. மனுஷருக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஊர் திரும்பியதும் வேறொரு மருத்துவரிடம் போனேன். நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார். அடைத்த இடத்தில் ஒரு அழுத்தமான புள்ளி. லேசாக ராவினார், ஒரு நிமிஷ வேலை. வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த சீடையை வலது பக்கம் போட்டேன். நாக்கு அதை இடது பக்கமே தள்ளியது.